ஜயண்ட்: ஒரு குலப்பெயர் அளவாகிப்போன கதை

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. ‘ஜயண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எது, அதற்கும் டைட்டன், கொலோசஸ் போன்றவற்றுக்கும் என்ன வேறுபாடு, தமிழில் அதை அரக்கன் என்பதா இராட்சதன் என்பதா. வேரிலிருந்து தொடங்கினால்தான் மூன்றாவதற்கு விடை கிடைக்கும்.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. ஒருமையில் கிகாஸ், பன்மையில் கிகாந்தெஸ். இந்தச் சொற்களில் வரும் ‘கி’, ‘கா’ இரண்டையும் ‘காந்தி’யின் முதலெழுத்தைப் போல ஒலிக்க வேண்டும். இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் உயரம்தான் நினைவுக்கு வருகிறது. கிரேக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கூட்டம். கௌரவர் என்றால் நமக்கு ஒரு குலம் நினைவுக்கு வருமே, அதைப் போல. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடிய தெய்வ வம்சக் கதையில், குரோனஸ் தன் தந்தையான வான தெய்வத்தை அரிவாளால் வெட்டுகிறான். சிந்திய இரத்தத் துளிகளைப் பூமித்தாய் காயா ஏற்றுக்கொள்கிறாள். அதிலிருந்து பிறந்தவர்கள்தான் கிகாந்தெஸ். ஹெசியோட் அவர்களைப் ‘பெரியவர்கள்’ என்கிறார், உண்மைதான். ஆனால் அந்த ஒரு அடைமொழியோடு நிறுத்திவிட்டு, பளபளக்கும் கவசத்துக்கும் கையிலிருக்கும் நீண்ட ஈட்டிக்கும் போய்விடுகிறார். போர்வீரர்களாகத்தான் அவர்களைக் காட்டுகிறார். ஹோமரின் காவியமான ஒடிசியில் அவர்கள் ஆணவம் பிடித்த ஒரு மக்கள்கூட்டம். அவர்களுக்கு அரசன்கூட உண்டு.

சிற்பங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் கி.மு. 525 வாக்கில் எழுப்பிய கருவூலத்தின் புடைப்புச் சிற்பத்தில் தேவர்களும் கிகாந்தெஸும் மோதுகிறார்கள். இரு தரப்பும் ஒரே உயரம். கிகாந்தெஸ் தலைக்கவசமும் வட்டக் கேடயமும் ஏந்திய சாதாரணக் காலாட்படைபோலவே நிற்கிறார்கள். ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டு கழித்துச் செதுக்கிய பெர்கமோன் பலிபீடத்துக்கு வந்தால் (இப்போது பெர்லினில் இருக்கிறது) அதே போரில் அவர்களில் பலருக்குக் கால்களுக்குப் பதிலாகப் பாம்புகள் முளைத்திருக்கின்றன. மனித உருவிலிருந்து விலகும் போக்கு மெதுவாக, பல தலைமுறைகளாக நடந்திருக்கிறது.

பல இணையப் பக்கங்களில் ஒரு விளக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது: ‘கே’ என்றால் பூமி, ‘கென்’ என்றால் பிறப்பு, ஆகவே கிகாஸ் என்றால் ‘மண்ணில் பிறந்தவன்’. அழகாகப் பொருந்துகிறது, கதையோடும் ஒட்டுகிறது. ஆனால் இது பழங்காலத்துக் கிரேக்கர்களே கட்டிய விளக்கம்; ஒலி மாற்ற விதிகளுக்கு நிற்காது. மண்ணில் பிறந்தவனுக்குக் கிரேக்கத்தில் ‘கேகெனேஸ்’ என்று தனிச்சொல்லே உண்டு. அதிலிருந்து ‘கிகாஸ்’ வர வழியில்லை. கிரேக்கர் அந்நிலத்துக்கு வருமுன் அங்கே பேசிய ஏதோ ஒரு மொழியிலிருந்து எடுத்த சொல் என்பதே இன்றைய வேர்ச்சொல் அகராதிகளின் சாய்வு. அகராதியில் ‘வேர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நல்லது. கதைக்குப் பொருத்தமாக இருப்பதாலேயே ஒரு வேர் உண்மையாகிவிடாது.

சரி, ‘கி’ எப்படி ‘ஜ’ ஆனது? கிரேக்கச் சொல்லை இலத்தீன் அப்படியே எடுத்துக்கொண்டது. ஏட்டில் ‘கிகாந்தெம்’, பேச்சு வழக்கிலோ முதல் உயிர் அடுத்த உயிரைப் பார்த்து மாறி ‘ககாந்தெம்’. இந்தப் பேச்சு வடிவம்தான் பிரான்சுக்குப் போனது. அங்கே இரண்டு மாற்றங்கள் நடந்தன. சொல்லின் தொடக்கத்தில் ‘அ’வுக்கு முன் நின்ற க-ஒலி ‘ஜ’ ஆனது. இலத்தீன் ‘காம்பா’ பிரெஞ்சில் கால் என்ற பொருளில் ‘ஜாம்ப்’ ஆனதும் இதே விதியில்தான். இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிய க-ஒலி தேய்ந்து காணாமல் போனது. ‘ரெகினா’ என்ற அரசி ‘ரேன்’ ஆனதைப் போல. தமிழ்க் காதுக்கு இரண்டுமே புதிதில்லை. கன்னடத்துக் ‘கிவி’ நமக்குச் ‘செவி’. ‘மகன்’ பேச்சில் ‘மவன்’, ‘போகிறேன்’ ‘போறேன்’. ஆக, ககாந்தெம் பழைய பிரெஞ்சில் ‘ஜையாந்த்’, ‘ஜெயாந்த்’ என்றாகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிறகு இலத்தீன் படித்தவர்கள் எழுத்துக்கூட்டலில் பழைய ‘இ’யை மீண்டும் சொருகினார்கள்.

‘ஜைகாண்டிக்’ என்ற பெயரடை ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். அது பிரான்சு வழியாகத் தேயாமல், 17ஆம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்து நேராக எடுத்தது. அதனால்தான் நடுவிலிருக்கும் ‘கா’ பிழைத்திருக்கிறது. ஒரே சொல், ஒன்று வாய்வழி வந்தது, மற்றொன்று ஏட்டுவழி.

பிரெஞ்சுச் சொல் வருமுன் ஆங்கிலேயர்களிடம் பெரிய உருவங்களுக்குச் சொல் இல்லாமலில்லை. எயோட்டன், எண்ட், துர்ஸ் என்று மூன்று சொற்கள் இருந்தன. பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் வழிவந்த தீய உயிர்களைப் பட்டியலிடும் ஓர் இடம் உண்டு. 112ஆம் வரியில் ‘எயோட்டன்’கள் வருகிறார்கள்; அடுத்த வரியிலேயே இலத்தீனிலிருந்து கடன்வாங்கிய ‘கிகாந்த்’கள் வருகிறார்கள், கடவுளோடு போர் செய்தவர்கள் என்ற குறிப்போடு. நாட்டுச்சொல்லும் வேதச்சொல்லும் ஒரே மூச்சில். அந்தக் கவிஞனுக்கு இரண்டும் ஒன்றில்லை.

‘எண்ட்’ இன்னும் சுவையானது. ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பெரும்பாலும் மரத்தில் வீடு கட்டியவர்கள். ரோமானியர் விட்டுப்போன கல் மதில்களும் இடிந்த குளியல்கூடங்களும் அவர்கள் கண்முன் நின்றன. அவற்றைப் பற்றிப் பாடும்போது கவிஞர்கள் திரும்பத் திரும்ப வைக்கும் தொடர் ‘எண்டா கெவேர்க்’, அதாவது எண்டுகளின் கைவேலை. நாம் செய்ய முடியாததை யாரோ பெரியவர்கள் செய்திருக்க வேண்டும் என்ற நினைப்பு.

‘எயோட்டன்’ ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸின் ‘யோத்துன்’ என்பதன் உறவுச்சொல். ‘தின்’ என்ற பொருள் தரும் வினையோடு மொழியியலாளர் பலர் இதை இணைக்கிறார்கள், அப்படியானால் ‘பெருந்தீனிக்காரன்’. பகாசுரன் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நார்ஸ் கதைகளில் யோத்துன்கள் தேவர்களுக்கு எதிரணி, சில நேரம் சம்பந்திகள். எல்லாரும் மலையளவு இருப்பதில்லை. ஆனாலும் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் ‘ஜயண்ட்’ என்றே வந்துவிடுகிறது. வாசிக்கிறவர் மனதில் தேவையில்லாத உயரம் ஏறிவிடுகிறது.

உண்மையில் இந்தச் சொல்லின் வரலாறே மொழிபெயர்ப்புகளின் வரலாறுதான். மிகப்பெரிய திருப்பம் எபிரேய வேதத்தை, அதாவது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டை, கிரேக்கத்தில் பெயர்த்தபோது நடந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் பெயர்ப்பில், ஆதியாகமம் 6:4இல் வரும் ‘நெபிலிம்’ என்ற சொல்லுக்குக் ‘கிகாந்தெஸ்’ என்று போட்டார்கள். அதே வசனத்தில் பலவான்கள் என்ற பொருளில் வரும் ‘கிப்போரிம்’ என்பதற்கும் அதையே போட்டார்கள். நெபிலிமை ‘விழு’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. அளவைக் குறிக்கும் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் பெயர்த்தவர்களைக் குறைசொல்லவும் முடியாது. எண்ணாகமம் 13:33இல் உளவு பார்த்துத் திரும்பியவர்கள், நெபிலிமைக் கண்டோம், அவர்கள் முன் நாங்கள் வெட்டுக்கிளிகள்போல இருந்தோம் என்கிறார்கள். அளவு அங்கிருந்துதான் வந்தது. விவிலியத்தின் இலத்தீன் பெயர்ப்பான வுல்காத்தாவும் ஆதியாகமத்தில் ‘கிகாந்தெஸ்’ என்றது, 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதம் ‘ஜயண்ட்’ என்றது, தமிழின் பழைய பெயர்ப்பு ‘இராட்சதர்’ என்றது. இன்றைய பெயர்ப்புகள் பல ‘நெபிலிம்’ என்றே விட்டுவிடுகின்றன, அதுவே சரி. கிரேக்கப் புராணத்தின் ஒரு குலப்பெயர் எபிரேயக் கதைக்குள் குடியேறி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் ‘மனிதரைவிடப் பெரியவர்’ என்ற பொதுப்பெயராகப் பரவியது இப்படித்தான்.

விவிலியத்தில் தாவீது வீழ்த்திய கோலியாத்தையும் இங்கே பார்த்துவிடலாம். 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலம் அவனை எங்கும் நெபிலிம் என்று சொல்வதில்லை. இரு படைகளுக்கு நடுவே வந்து தனிச்சமர் செய்பவன் என்ற பொருளுடைய தொடரால் குறிக்கிறது. உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். இரண்டு சாண் ஒரு முழம், முழத்துக்கு 45 செ.மீ. என்று வைத்தால் ஆறரை முழம் 292 செ.மீ. சொச்சம் வரும். ஆனால் இது பிற்கால எபிரேய ஏடுகளின் கணக்கு. எழுபதின்மர் பெயர்ப்பின் முக்கியப் படிகளும், சாக்கடலுக்கு அருகே கும்ரான் 4ஆம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளும் நாலு முழமும் ஒரு சாணும் என்கின்றன: சுமார் 202 செ.மீ. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய சாட்சிகள் இவைதான். இன்றைய கூடைப்பந்து அணியில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதை ஏறஏற ஆளும் உயர்ந்திருக்கிறான்.

இனி உறவுச் சொற்கள். டைட்டன்களும் கிகாந்தெஸும் ஒன்றென்று நினைப்பது பரவலான பிழை. டைட்டன்கள் வானத்துக்கும் பூமிக்கும் நேர்ப்பிள்ளைகள், தேவர்களின் அரசனான சியூஸின் தலைமுறைக்கு முந்திய ஆளும் தெய்வங்கள். அவர்கள் போர் வேறு. கிகாந்தெஸ் போர் அதற்குப் பின்னால் நடந்தது. ஒரு மனிதன் துணை இல்லாமல் அவர்களைக் கொல்ல முடியாது என்பதால் மாவீரன் ஹெராக்ளீஸை அழைக்க வேண்டியிருந்தது. பழங்காலப் புலவர்களே சில இடங்களில் இரண்டு போரையும் குழப்பியிருக்கிறார்கள், ஆகவே குழம்பியவர்கள் வெட்கப்பட வேண்டாம். டைட்டானியம் என்ற உலோகத்துக்கு 1795இல் பெயர் வைத்த ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத், தனிமத்தின் பண்பு சரியாகத் தெரியாத நிலையில் பண்பைச் சுட்டாத ஒரு பெயர் வேண்டும் என்றே புராணத்துக்குப் போனார். உறுதியானது, அதனால் டைட்டானியம் என்று சொல்வது பின்னால் ஒட்டிய விளக்கம்.

கொலோசஸ் என்பதும் இதேபோல அளவாகிப்போன பெயர். கிரேக்கத்தில் கொலோசோஸ் என்பது ஓர் உருவச்சிலை, அவ்வளவுதான். சடங்குக்காக மண்ணிலோ மரத்திலோ செய்யும் சிறு பொம்மைகளுக்கும் அந்தச் சொல் வழங்கியது. ரோட்ஸ் தீவில் கி.மு. 280 வாக்கில் எழுபது முழத்தில், அதாவது முப்பது மீட்டருக்கு மேல், சூரிய தெய்வத்துக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். சுமார் அறுபது ஆண்டுகளுக்குள் நிலநடுக்கத்தில் அது முழங்காலோடு முறிந்து விழுந்தது. சிலை போனாலும் அளவு சொல்லில் தங்கிவிட்டது. மாமத் ஒரு விலங்கின் பெயர், ஜம்போ இலண்டன் விலங்குச்சாலையில் இருந்து 1882இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட ஓர் யானையின் பெயர். இரண்டும் இன்று அளவுகள். பெஹெமோத், லெவியாத்தான் இரண்டும் யோபு புத்தகத்தின் விலங்குகள், மனித உருவம் கொண்டவை அல்ல. முன்னது நிலத்தில், பின்னது நீரில். ஓகர் மனிதரைத் தின்னும் கதைப்பாத்திரம், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தேவதைக் கதைகள் வழியாகப் பரவியது. இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவது தவறு.

அறிவியலில் ‘ஜயண்ட்’ வந்தால் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அங்கே அது எப்போதும் ஒப்பீடு. ஜயண்ட் பாண்டா என்ற பெயர், முன்னரே 1825இல் விவரித்த சிவப்புப் பாண்டாவோடு ஒப்பிட்டு வந்தது. ஜயண்ட் வைரஸ் என்பது பாக்டீரியா அளவுக்கு வரும் வைரஸ், கண்ணுக்குத் தெரியாது. தாவரப் பெயர்களில் வரும் ‘ஜைகாண்டியா’வும் அப்படியே: எருக்கின் அறிவியல் பெயர் கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா. தன் பேரினத்துக்குள் அது பெரிது, அவ்வளவே.

விண்மீன்களில் இன்னொரு சிக்கல். ‘ஜயண்ட்’ என்பது அங்கே எடையைச் சொல்லாது. நம் ரோகிணி, அதாவது அல்டெபரான், ஒரு ஜயண்ட். விட்டம் சூரியனைப்போல ஏறக்குறைய 44 மடங்கு, ஆனால் நிறை சூரியனைவிடச் சற்றே அதிகம். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் வெளிப்படலம் ஊதிப்பெருகியதால் வந்த பருமன் அது. கோள்களில் வரும் ‘கேஸ் ஜயண்ட்’ 1950களில் அறிவியல் புனைகதையிலிருந்து வானியலுக்கு வந்த சொல். வியாழன் பூமியைப்போல 318 மடங்கு நிறையுள்ளது, ஆனால் அதன் உட்பகுதியில் பெரும்பங்கு வளிமமாக இல்லை. அழுத்தத்தில் ஹைட்ரஜன் திரவமாகிவிடுகிறது.

சனியின் நிலவுகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1847இல் ஜான் ஹெர்ஷல் அவற்றுக்குப் பெயர் வைத்தபோது, உண்மையான கிகாந்தெஸ் இருவரின் பெயர்கள் மிமாஸுக்கும் என்செலடஸுக்கும் போயின. மிமாஸின் விட்டம் சுமார் 400 கி.மீ., என்செலடஸ் சுமார் 500 கி.மீ. டைட்டன் என்று பெயர் பெற்றதோ 5,150 கி.மீ. புராணத்தில் என்செலடஸ் சிசிலியின் எட்னா எரிமலைக்கு அடியில் புதைந்து மூச்சுவிடுகிறவன். அந்தப் பெயருடைய நிலவின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டது. பெயர் வைத்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

கணினிக்காரர்கள் தினமும் சொல்லும் ‘கிகா’வும் இதே கிகாஸ்தான். 1960இல் எடை, அளவுகளுக்கான சர்வதேசப் பொதுமாநாடு நூறு கோடிக்கு அந்த முன்னொட்டை ஏற்றது. கூடவே லட்சம் கோடிக்குத் ‘தெரா’, கிரேக்கத்தில் விகார உருவம் என்ற பொருளுள்ள ‘தெராஸ்’. கிகாபைட்டா ஜிகாபைட்டா என்று கேட்டால், கிரேக்க ஒலிக்கு நெருக்கம் ‘கிகா’. ஆங்கிலத்தில் ‘ஜிகா’வும் அகராதிகள் ஏற்ற உச்சரிப்பு. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தில் ‘ஜைகாண்டிசம்’ என்பதைப் பொதுவாக உயரமானவர்களுக்குப் போடக்கூடாது. பிட்யூட்டரி சுரப்பியில் பெரும்பாலும் ஒரு கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து, அதுவும் நீள எலும்புகளின் நுனியிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகள் மூடுவதற்கு முன் நடந்தால்தான் அந்தப் பெயர். தட்டுகள் மூடிய பிறகு அதே ஹார்மோன் மிகுந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை தடிக்கும். அதற்கு 1886இல் பியர் மரி வைத்த பெயர் அக்ரோமெகாலி. பதிவுகளில் மிக உயரமானவரான ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. வளர்ந்து, 1940இல் 22 வயதில், கால் தாங்கி உரசிய கொப்புளத்தில் தொற்று ஏற்பட்டு இறந்தார். உயரம் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் கூடும், எடையோ எட்டு மடங்கு. கலிலியோ 1638இல் சொன்ன கணக்கு இது. மலையளவு மனிதன் மனிதனின் அதே வடிவத்தில் நிற்க முடியாததற்குக் காரணமும் இதுதான்.

இப்போது மூன்றாவது கேள்வி. அரக்கன், இராட்சதன் இரண்டும் ‘ராட்சஸ’ என்ற ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். முன்னது தமிழ் ஒலிக்கு முழுதாக வளைந்தது. ஆனால் இன்றைய வழக்கில் அவை பிரிந்துவிட்டன. அரக்கன் என்றால் கொடுமை முன்னால் நிற்கும், அதனால்தான் ‘அரக்கத்தனம்’. ‘ராட்சத’ என்ற அடைமொழியில் கொடுமை கரைந்து அளவு மட்டும் மிஞ்சியிருக்கிறது: ராட்சத அலை, ராட்சத கிரேன், ராட்சதக் கணவாய். ‘ஜயண்ட்’ கிரேக்கத்திலிருந்து நடந்து வந்த அதே பாதை! ஆகவே பொருட்களுக்கும் விலங்குகளுக்கும் ‘ராட்சத’ கைகொடுக்கும். துறையில் பெயர்பெற்றவரை ஆங்கிலம் ஜயண்ட் என்றால் தமிழில் ஜாம்பவான். ‘இசை இராட்சதன்’ என்று எழுதினால் பாராட்டு வசவாகிவிடும். நிறுவனத்துக்குப் ‘பெருநிறுவனம்’ போதும். ‘பகாசுர நிறுவனம்’ என்றால் அதோடு உங்கள் கருத்தும் சேர்ந்து வரும், தெரிந்தே போடுங்கள். பிரச்சினை வளர்ந்தால் பூதாகரம், வேகமோ வளர்ச்சியோ என்றால் ‘அசுர’. விண்மீனுக்குப் ‘பெருமீன்’ நல்ல சொல், அளவைத் தவிர வேறெதையும் இழுத்து வராது. கதையில் வரும் ஜயண்ட் நல்லவனா கெட்டவனா என்று முதலில் பார்க்க வேண்டும். நல்லவனாக இருந்தால், அல்லது கதை போகப்போக நல்லவனாக மாறுகிறவனாக இருந்தால், அரக்கன் என்று தொடங்கிவிட்டால் பின்னால் மீள முடியாது. ‘பூதம்’ பொருந்தும், குழந்தைகளுக்குப் பழகியதும்கூட. கிரேக்கக் குலத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்றால் பெயர்க்க வேண்டாம். கிகாந்தெஸ் என்றே விட்டுவிட்டு, ஒரு வரியில் யார் என்று சொல்லிவிடுங்கள்.